மாரி தொடங்கினதும் நாய்க்குட்டி மறுகா வீட்டுக்குள்ள சலம் போகுது: பழக்கம் எங்க பிசகினது?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

பெட்டைக்குட்டி, ஊர் நாயும் வேற சாதியும் கலந்தது. வயசு 5 மாதம், நிறை 7 கிலோ. ஒரு மாதமா வீட்டுக்குள்ள ஒரு சொட்டும் போகல்ல. மழை பிடிச்சு பத்து நாளா திரும்பத் தொடங்கிற்று. பகல்ல ரெண்டு மூணு தரம், இரவைக்கு ஒருக்கா. ஹோல் தரை டைல்ஸ், விறாந்தை சீமெந்து. போற இடம் அநேகமா ஹோல்ல விரிச்சிருக்கிற பன்பாய், இல்லாட்டி குசினி வாசல் கால்மிதி. டெட்டோல் போட்டுத் துடைக்கிறோம். ஏசியும் பார்த்தாச்சு. சாப்பாடு மூணு நேரம், சோறும் மீனும். காலையில 7 மணியில இருந்து பின்னேரம் 2 மணி வரைக்கும் வீட்டில ஆள் இல்ல. தடுப்பூசி முடிஞ்சுது. எங்க இருந்து திருத்தத் தொடங்குற?

மணற்சேனை

ஒரு கேள்வி அக்கா. மழைக்கு முதல் அந்த ஏழு மணித்தியாலமும் குட்டி எங்க நிண்டது?

வாவிக்கரை

வளவுக்குள்ளதான். கடப்பைப் பூட்டி விட்டுட்டுப் போவோம். இப்ப வளவில கணுக்கால் அளவுக்குத் தண்ணி நிக்குது. அதால விறாந்தையிலயும் ஹோல்லயும் விட்டுட்டுப் போறோம்.

மணற்சேனை

அப்ப விஷயம் இதுதான். குட்டி படிச்சதை மறக்கல்ல. அடக்கி வச்சிருக்க அது இன்னும் படிக்கவே இல்ல. அந்த ஒரு மாதமும் அதுக்கு வந்த நேரம் மணல் காலுக்குக் கீழ இருந்தது, போய்ச்சுது. வீடு சுத்தமா இருந்ததுக்குக் காரணம் திறந்து கிடந்த வளவு. மழை அந்த வளவை மூடினதும் உள்ளுக்க இருந்த ஓட்டை வெளியில தெரியுது, அவ்வளவுதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கார்த்திகை மார்கழியில இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வாறதுக்குப் பெரிய காரணம் இது.

வயசுக் கணக்கைப் பாருங்க. மாதத்தோட ஒண்டைக் கூட்டினா வாற மணித்தியாலம்தான் ஒரு குட்டி அடக்கக்கூடிய மேல் எல்லை. 5 மாதத்துக்கு 6 மணித்தியாலம். அதுவும் படுத்துக் கிடந்தாத்தான். ஓடி விளையாடினா, தண்ணி குடிச்சா, ஆரும் வந்து சந்தோஷப்பட்டா ரெண்டு மணித்தியாலமே கூட. நீங்க கேக்கிற ஏழு மணித்தியாலம் அதின்ர உடம்பால ஏலாது. அதுக்கு ஏசினா அந்த ஏச்சில இருந்து அது படிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல.

அடுத்தது பாய். ஒரு குட்டி மூணு கிழமையில இருந்து ரெண்டு மாதம் வரைக்கும் எந்த நிலத்தில போய்ப் பழகுதோ, அந்தத் தொடுகை காலில நிண்டுரும். எங்கட பக்கக் குட்டி மணல்ல பிறந்து மணல்ல வளருது. காலை வச்சா மெத்தெண்டு இருக்க வேணும், ஈரத்தை உறிஞ்ச வேணும். டைல்ஸ் வழுக்கும், சலம் தெறிச்சுக் காலில படும். வீட்டுக்குள்ள மணலுக்குக் கிட்டின பொருள் என்ன? பாயும் கால்மிதியும். அது வேணுமெண்டு உங்கட பாயைத் தேடல்ல, மணலைத் தேடுது. அதால இண்டைக்கே எல்லாப் பாய், கால்மிதி, தரையில கிடக்கிற துணி, நனைஞ்ச சாக்கு எல்லாத்தையும் எடுத்துருங்க. ஆறு கிழமைக்கு வெறும் தரை.

இனி முதல் ரெண்டு கிழமைக்குச் செய்ய வேண்டியது. குட்டிக்கு இப்ப வயசு ரெண்டு மாதம் எண்டு நினைச்சுக்கொண்டு நடவுங்க.

விடிய 5.30க்கு எழும்பின உடனே வெளியில. தூக்கிக்கொண்டு போங்க, நடந்து வந்தா வழியில விட்டுரும். 5.45க்குச் சாப்பாடு. தின்டு பத்தில இருந்து முப்பது நிமிஷத்துக்குள்ள மலம் வரும், அதால 6.05க்கு ஒருக்கா. நீங்க வெளிக்கிட முதல் 6.50க்கு ஒருக்கா. பின்னேரம் 2 மணிக்குக் கதவு திறந்ததும் அதோட கதைக்காம நேர வெளியில, பிறகு சாப்பாடு, தின்டு இருபது நிமிஷத்தில திரும்ப வெளியில. அதுக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இரவுச் சாப்பாடு 6.30ஐத் தாண்ட வேண்டாம். கடைசிச் சுற்று 10.15. முதல் கிழமை விடியப்புறம் 2.30க்கு அலாரம் வையுங்க. குட்டி எழும்பி அனுங்க முதல் நீங்க எழுப்ப வேணும், இல்லாட்டி அனுங்கினாக் கதவு திறக்கும் எண்டு படிச்சுரும். மூணு நாள் சுத்தமாப் போனா அலாரத்தை அரை மணித்தியாலம் பிந்தி வையுங்க.

வெளியில கொண்டுபோறது எண்டா விட்டுட்டு வாசல்ல நிக்கிறதில்ல. கயிறு போட்டு, ஒரே இடத்தில, நீங்களும் குடை பிடிச்சுக்கொண்டு அசையாம ஐஞ்சு நிமிஷம் நில்லுங்க. போகத் தொடங்கும்போது ஒரே ஒரு சொல் சொல்லுங்க, "போ" எண்டாலும் சரி. தொடங்க முதல் சொல்லாதீங்க, அந்தச் சொல் அதுக்கு இன்னும் ஒண்டும் இல்ல. முடிஞ்ச உடனே, அந்த இடத்திலயே, ஒரு செக்கன் ரெண்டு செக்கனுக்குள்ள வாய்க்குள்ள ஒரு துண்டு. அவிச்ச கோழி இல்லாட்டி முள் எடுத்த மீன், விரல் நகம் அளவு காணும். வீட்டுக்குள்ள கிறுகி வந்து குடுத்தா, வீட்டுக்குள்ள வந்ததுக்குத்தான் சம்பளம்.

இன்னொரு பிழை எல்லாரும் விடுறது: போய் முடிஞ்ச உடனே இழுத்துக்கொண்டு உள்ளுக்க வாறது. அப்பிடிச் செய்தா போய் முடிச்சா விளையாட்டு முடிஞ்சுது எண்டு கண்டுபிடிச்சு வெளியில அடக்கிக்கொண்டு நிக்கும், உள்ளுக்க வந்து விடும். முடிஞ்ச பிறகு ரெண்டு நிமிஷம் விறாந்தையிலயாவது விளையாட விடுங்க.

ஐஞ்சு நிமிஷத்தில போகல்லையா, உள்ளுக்க கொண்டு வந்து அவிழ்த்து விடாதீங்க. ஐஞ்சடிக் கயிறை உங்கட இடுப்பில கொழுவிக்கொண்டு வேலையைப் பாருங்க. பத்துப் பதினைஞ்சு நிமிஷத்தில திரும்ப வெளியில. விளையாடிக்கொண்டு நிக்கிறது திடீரெண்டு அதை விட்டுட்டு, மூக்கைத் தரையில வச்சு, சின்ன வட்டமாக் கிறுகும். பின்னங்கால் ரெண்டும் கொஞ்சம் அகலும். அங்க இருந்து உங்களுக்கு மூணு நாலு செக்கன்தான் கிடக்கு. கயிறு இடுப்பில இருந்தாத்தான் அந்தச் செக்கன் கிடைக்கும்.

கிணத்தடி

துடைக்கிறதைப் பற்றி நான் சொல்றன், இதில பிழை விட்டா மேல சொன்னது எல்லாம் பாதிதான் வேலை செய்யும்.

டெட்டோல், ஃபினைல் ரெண்டும் எங்கட மூக்குக்குத்தான் மணத்தை மறைக்கும். நாயின்ர மூக்குக்கு அடியில சலம் அப்பிடியே கிடக்கும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் இன்னும் மோசம், சலத்திலயும் அமோனியாதானே வருது. பிளீச்சைச் சலத்துக்கு மேல நேர ஊத்தவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா நெஞ்சை அடைக்கிற நச்சுப் புகை வரும், மாரியில கதவு ஜன்னல் எல்லாம் பூட்டிக் கிடக்கும்.

என்சைம் (அழுக்கை உடைச்சுக் கரைக்கிற பொருள்) உள்ள சலவைத் தூள் எடுங்க, பைக்கற்றில எழுதியிருக்கும். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு 100 கிராம். கொதிதண்ணி வேண்டாம், சூட்டில என்சைம் செத்துரும். முதல்ல சலத்தைத் துணியால ஒத்தி எடுங்க, தேய்ச்சாப் பரவும். பழைய டெட்டோல், ஃபினைல் மிச்சத்தை வெறும் தண்ணியால ரெண்டு தரம் கழுவுங்க, அதுவும் என்சைமை வேலை செய்ய விடாது. பிறகு இந்தக் கரைசலை ஊத்தி 15 நிமிஷம் காய விடாம வச்சு, கழுவித் துடையுங்க. சலம் ஒரு சாண் அகலத்தில தெரிஞ்சா ரெண்டு சாண் அகலத்துக்கு ஊத்துங்க.

டைல்ஸ் தரையில பிரச்சினை டைல்ஸ் இல்ல, இடையில இருக்கிற பூச்சுக் கோடு. அது சீமெந்து, உறிஞ்சும். பழைய பல்விளக்கும் பிரஷால அந்தக் கோட்டுக்குள்ள தேயுங்க. விறாந்தைச் சீமெந்தில வெடிப்பு இருந்தா அதுக்குள்ளயும். வினாகிரி நல்லது எண்டு சொல்லுவாங்க. சீமெந்திலயும் பூச்சுக் கோட்டிலயும் போட வேண்டாம், அது அமிலம், மேல்பூச்சை அரிச்சுப்போடும், பிறகு இன்னும் நல்லா உறிஞ்சும்.

எங்க எல்லாம் போயிருக்கு எண்டு தெரியாட்டி, காசு நோட்டுப் பார்க்கிற ஊதா டோர்ச் ஒண்டை இருட்டில அடிச்சுப் பாருங்க. காய்ஞ்ச சலம் மங்கின மஞ்சளா மினுங்கும். அலுமாரிக்குப் பின்னால, கதிரைக் காலடியில முக்கியமாப் பாருங்க.

பன்பாயைக் காப்பாத்தலாம் எண்டு நினைக்காதீங்க அக்கா. பன்னுக்குள்ள இறங்கினது கழுவிப் போகாது. மாரியில காயவும் மாட்டாது, காத்து ஈரமாகிற ஒவ்வொரு நாளும் மணம் எழும்பும்.

நாவலடி

எங்கட பக்கம் போன இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மூக்கைத் தேய்ச்சு ஒரு அடி போடுறதுதான் வழக்கம். அதால பழகின நாயும் இருக்குத்தானே? அது முழுக்கப் பிழையா?

மணற்சேனை

அண்ணன், அந்த நாய்கள் வயசு ஏறித் தானா அடக்கப் பழகினதுகள். அடி அதைச் செய்யல்ல.

செய்யிற கேடு மட்டும் மிச்சம். நாய் ஒரு செயலையும் அதின்ர பலனையும் சேர்த்துப் பிடிக்கிறது ஒண்டு ரெண்டு செக்கனுக்குள்ளதான். அரை மணித்தியாலம் கழிச்சு மூக்கைப் பிடிச்சு அமத்தினா அதுக்குத் தெரியிறது ரெண்டு சங்கதி: தரையில சலம் கிடக்கு, மனிசன் வந்துட்டான், ரெண்டும் சேர்ந்தா அடி. அதால மனிசனைக் கண்டதும் பதுங்கும். நாங்க "பிழை செய்தது அதுக்கே தெரியுது" எண்டு நினைப்போம். அது பயம். போகும்போது கண்டு அடிச்சா, ஆள் பார்க்கப் போகக் கூடாது எண்டு பிடிச்சுரும். அதுக்குப் பிறகு நீங்க கயிறோட வெளியில நிண்டாலும் உங்களுக்கு முன்னால போகாது. உள்ளுக்க வந்து அலுமாரிக்குப் பின்னால போகும். இப்பிடி ஒளிச்சுப் போகப் பழகின நாயைத் திருத்த ரெண்டு மடங்கு காலம் வேணும்.

போகும்போது கண்டா மெல்லமா ஒருக்கா கை தட்டுங்க. நிப்பாட்டுற அளவு சத்தம் காணும், நடுங்குற அளவு வேண்டாம். தூக்கிக்கொண்டு வெளியில. மிச்சத்தை அங்க விட்டா அதுக்கும் துண்டு குடுங்க. முடிஞ்ச பிறகு கண்டா பேசாமத் துடையுங்க, குட்டியை வேற அறையில விட்டுட்டு.

நாவலடி

விளங்குது தம்பி. ஒளிச்சுப் போறது எதால எண்டு இப்பத்தான் பிடிபடுது.

நெல்வயல் (அக்கரைப்பற்று)

வளவில தண்ணி நிக்கிறவங்களுக்கு: மணலை மேல தூக்குங்க. இல்லாட்டி மேல சொன்ன நேர அட்டவணையை மழையில ஓட்டவே ஏலாது.

விறாந்தையின் வெளி ஓரத்தில், கூரைத் தண்ணி விழாத பக்கம், கல் ரெண்டு வரி அடுக்கி அதுக்கு மேல 3 அடிக்கு 3 அடி பலகைச் சட்டம். உயரம் 6 அங்குலம். அடியில் பழைய தகரம் போட்டு ஆணியால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. ஓட்டைக்கு மேல ஒரு உரப்பைத் துண்டை விரியுங்க, மணல் இறங்காது, தண்ணி இறங்கும். மணல் 4 அங்குலம் போட வேண்டும். அது மூன்று கன அடி, சீமெந்துப் பையில் அள்ளினால் மூன்று பைக்குள் வரும். 7 கிலோக் குட்டிக்கு இந்த அளவு காணும். நாய் உள்ளே நிண்டு ஒரு முழுச் சுற்றுக் கிறுக இடம் இருக்க வேண்டும், அதுதான் அளவு.

உங்கட வளவு மணலையே போடுங்க. கடல் மணலில் உப்பு இருப்பதால் ஈரம் பிடித்துக்கொண்டே கிடக்கும். அதை விட முக்கியம், குட்டி வழக்கமாகப் போகிற இடத்து நனைந்த மணலில் ரெண்டு சிரட்டை அள்ளி வந்து பெட்டியின் நடுவில் போட வேண்டும். அந்த மணம் இல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டுப் பெட்டி, தோண்டும், படுக்கும், போகாது.

மேலே மறைப்புத் தேவையென்றால் தகரத்தை விடக் கிடுகு நல்லது. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கே பாதிக் குட்டிகள் போகாமல் திரும்பி விடும். தகரம்தான் இருக்கு என்றால் அதுக்கு மேல ஒரு அடுக்குக் கிடுகு போடுங்க, சத்தம் அமரும்.

மலத்தை உடனே அள்ள வேண்டும், ஒரு நாளும் கிடக்க விடக் கூடாது. ஈரமான சூடான மணல் கொக்கிப்புழுவுக்கு ஏற்ற இடம். அந்தப் புழுவின் குடம்பி வெறுங்கால் தோலுக்குள்ளும் இறங்கும், பிள்ளைகள் விளையாடுகிற பக்கம் பெட்டி வைக்க வேண்டாம். மேல் ரெண்டு அங்குலத்தைக் கிழமைக்கு ஒருக்கா மாற்றுங்க, ஆனால் பழைய மணலில் ஒரு சிரட்டை திரும்பவும் போட மறக்காதீங்க.

உமி மலிவாகக் கிடைக்குது என்று சிலர் மில்லில் இருந்து அள்ளி வந்து போடுவார்கள். காற்றுக்குப் பறக்கும், காலில் ஒட்டி ஹோல் முழுக்க வரும், குட்டி தின்னவும் பார்க்கும். மணலுக்கு அடியில் ஒரு அங்குலம் உறிஞ்சப் போடலாம், மேலே வேண்டாம்.

கிணத்தடி

பெட்டி விஷயத்தில எனக்கு ஒரு பயம் கிடக்கு. வீட்டோட சேர்ந்த இடத்தில போகப் பழக்கினா, வீட்டுக்குள்ள போகலாம் எண்டுதானே படிக்கும்? பேப்பர் விரிச்சுப் பழக்கின குட்டிகளில கடைசி மட்டும் பேப்பரை விடாததுகள் நிறைய. கீழ விழுந்த பத்திரிகை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாத்திலயும் போகும்.

நெல்வயல்

பேப்பருக்கு நீங்க சொல்வது சரி, நானும் பேப்பருக்கு ஆதரவு இல்லை. பேப்பர் ஹோல் தரையில கிடக்கும், வளவில் அப்படி ஒரு பொருள் இல்லை. மழை முடிந்ததும் குட்டி முதலில் இருந்து வேறொன்று படிக்க வேண்டி வரும். மணல் அப்படி இல்லை. பெட்டியில் கால் படுகிற மணலும் வளவில் கால் படுகிற மணலும் ஒன்றுதான். பெட்டியை வாசல்படிக்கு வெளியே வைத்து, அங்கே போகும்போதும் கதவைத் திறந்து, கயிறு போட்டுத்தான் கூட்டிப் போக வேண்டும். தண்ணி வற்றினதும் பெட்டியை நாளுக்கு ரெண்டு அடியாக வளவுப் பக்கம் நகர்த்தி, பழைய இடத்துக்கு வந்ததும் சட்டத்தைக் கழற்றி மணலை அங்கேயே கொட்டி விடுங்க.

வாவிக்கரையின் ஏழு மணித்தியாலத்துக்கும் இதுதான் வழி. விறாந்தையில் கம்பி வலையால் 8 அடிக்கு 4 அடி அடையுங்க. ஒரு தலைப்பில் படுக்கை, தண்ணி. மற்றத் தலைப்பில் மணல் பெட்டி. அடக்கச் சொல்லாமல், சரியான நிலத்தில் போக விடுகிறீங்க. 10.30 மணிக்குப் பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் வந்து ஒருக்கா வெளியே கூட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

மணற்சேனை

இதுக்கு நான் உடன்பாடு. சின்னக் கூட்டுக்குள்ள ஏழு மணித்தியாலம் பூட்டுறதை விட இது எவ்வளவோ மேல். கூடு நல்ல கருவி, ஆனா இரவைக்கும், பகல்ல ரெண்டு மணித்தியாலத்துக்கும்தான். எழும்பி நிண்டு, கிறுகி, நீட்டிப் படுக்கக் காணுமான அளவு, அதுக்கு மேல வேண்டாம். பெருசா இருந்தா ஒரு மூலையில போய்ட்டு மற்ற மூலையில படுக்கும். எங்கட வெக்கைக்குக் கம்பிக் கூடு மட்டும். தகரம் அடிச்ச கூட்டை வெயில்ல வச்சா நாய் செத்துப்போகும்.

கூட்டுக்குள்ளயே போய், அதுக்கு மேலயே படுக்கிற குட்டியும் இருக்கு. நெருக்கமாக் கூட்டில அடைச்சு வளர்த்து வித்த குட்டிகளில இது வரும். தன்ர படுக்கையைச் சுத்தமா வச்சிருக்கிற குணம் அதுகளுக்கு அங்கயே செத்துப்போயிருக்கும். அதுகளைக் கூட்டில போட்டுப் பழக்க ஏலாது, நெல்வயல் சொன்ன ரெண்டு தலைப்பு அடைப்புத்தான் சரி.

இன்னும் ரெண்டு. இடி முழங்கும்போது வெளியில இழுக்க வேண்டாம். அந்த இடத்தில ஒருக்காப் பயந்தா அந்த இடமே பயமாகும். இடிக்கு இடி இடைவெளி பார்த்துப் போங்க. தீபாவளி வெடிக்கும் இதுதான். மற்றது, இரவைக்கு டோர்ச் இல்லாம இறங்காதீங்க, தண்ணி நிக்கிற காலம் பாம்பு மேட்டுப் பக்கம் ஏறி வரும்.

குளிசைப் பெட்டி

மிருக வைத்தியப் பக்கம் வேலை செய்கிற ஆள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழக்கத்தைத் திருத்தத் தொடங்குவதற்கு முன் தரையில் கிடக்கிற சலத்தைப் பாருங்கள். அளவும் இடமும் பாதிக் காரணத்தைச் சொல்லி விடும்.

பெரிய குளமாகக் கிடந்தால் சலப்பை நிரம்பியிருக்கிறது, நேரம் பிந்தி விட்டது. பெட்டைக்குட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் நாலைந்து தரம் குந்தி, ஒவ்வொரு தரமும் ஒரு கரண்டி அளவு வந்தால், குந்தியும் வராமல் முக்கினால், அடிக்கடி அந்த இடத்தை நக்கினால், சலப்பையில் கிருமித் தொற்று இருக்கலாம். அதற்கு எந்தப் பயிற்சியும் உதவாது. படுத்து எழும்பின இடம் மட்டும் நனைந்திருந்து, போனது அதற்கே தெரியவில்லை என்றால் அது ஒழுக்கு. கர்ப்பப்பை எடுத்த பெட்டை நாய்களில் வரும், மருந்து இருக்கிறது. ஆள் குனிந்து தொடும்போது, காது பின்னால் போய், உடம்பு தாழ்ந்து கொஞ்சம் விட்டால் அது பணிவு. அதை ஏசினால் கூடும். வீட்டுக்கு வந்ததும் பக்கவாட்டாக நின்று, குனியாமல், கண்ணைப் பார்க்காமல் வெளியே கூட்டிப் போனால் வயதோடு நின்று விடும்.

சலம் தேத்தண்ணிச் சாயம் மாதிரி, கருஞ்சிவப்பாக வந்தால் அன்றைக்கே கொண்டு போங்கள். உண்ணி கடித்து வருகிற பபீசியாவில் அப்படி வரும். பல் முரசு வெளிறி, சாப்பிடாமல் கிடக்கும்.

சலம் பரிசோதிக்கச் சொன்னால், நீளப் பிடி அகப்பையைக் கொதிநீரில் கழுவி ஆற வைத்து, விடியற்காலைச் சலத்தின் நடுப்பகுதியைப் பின்னால் இருந்து ஏந்துங்கள். சுத்தமான போத்தலில் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில மணித்தியாலங்களுக்குள் கொடுக்க வேண்டும். வீட்டில் மிஞ்சிய மனிசக் குளிசை எதையும் போடாதீர்கள். இபுபுரோஃபென் நாய்க்கு நஞ்சு, பரசிற்றமோலும் ஆபத்து.

சொறிக்குப் பிரெட்னிசொலோன் குளிசை குடுக்கிறீர்களா? அது தண்ணித் தாகத்தையும் சலத்தையும் கூட்டும். அந்த நாட்களில் நடக்கும் பிசகு நாயின் பிசகு இல்லை. வைத்தியரிடம் கேட்காமல் குளிசையை இடையில் நிறுத்தவும் கூடாது. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லி லீற்றருக்கு மேல் தண்ணி குடித்தால் அதையும் காட்டுங்கள். 7 கிலோக் குட்டிக்கு அது 700 மில்லி லீற்றர். காலையில் போத்தலால் அளந்து ஊற்றி, அடுத்த நாள் மிச்சத்தை அளந்தால் தெரியும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும். எந்தக் காலத்திலும் சலத்துக்குப் பயந்து தண்ணியை மறைக்க வேண்டாம். படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் எடுத்தால் போதும், வெக்கை நாளில் அதுவும் வேண்டாம்.

மலம் இளகிப் போனால் அடக்க முடியாது. முதலில் பூச்சி மருந்துக் கணக்கைப் பாருங்கள்: ரெண்டு கிழமையில் தொடங்கி மூன்று மாதம் வரை ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, ஆறு மாதம் வரை மாதம் ஒருக்கா, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருக்கா. பால்மா கரைத்துக் குடுப்பதும் வயிற்றைக் கிளப்பும். தடுப்பூசி முடியாத குட்டி சத்தியெடுத்து, இரத்தமாகப் போனால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அடுத்த நாள் வரை பார்க்கக் கூடாது.

துடைக்கும்போது கையுறை, இல்லாவிட்டால் ஒரு பொலித்தீன் பையாவது போடுங்கள். வெள்ளக் காலத்தில் எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சலத்திலும் வரும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் உள்ளே போகும். நாய்க்கு அதற்கும் தடுப்பூசி உண்டு, போட்டதில் அது அடங்குமா என்று அட்டையைப் பாருங்கள்.

வாவிக்கரை: உங்கள் குட்டி பெரிதாக விடுகிறதா, சொட்டுச் சொட்டாகவா? சோற்றில் என்ன மீன்?

வாவிக்கரை

பெரிசாத்தான் விடுது, நிறம் வெளிர் மஞ்சள். மீன் இல்லாத நாள் நெத்தலிக் கருவாடு போட்டு அவிப்போம். ஆணமும் கொஞ்சம் ஊத்திப் பிசைவோம்.

குளிசைப் பெட்டி

அப்படியென்றால் நோயை விட நேரமும் உப்பும்தான். கருவாட்டு உப்பு தாகத்தை ஏற்றும், குடித்த தண்ணி இரவில் வெளியே வரும். கருவாட்டை நிறுத்துங்கள். பச்சை மீன், உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து. ஆணத்தில் வெங்காயம் இருக்கும், அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், ஊற்றவே வேண்டாம். இரவுச் சோறு குழையாமல், கஞ்சித் தண்ணி வடித்து இருக்கட்டும். சோறு கூடினால் மலமும் கூடும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீனையும் முட்டையையும் கூட்டினால் ஒரு நாளைக்கு நாலு தரம் போவது ரெண்டு மூன்றாகும்.

காரைதீவு வளவு

இதோட ஒரு கேள்வி. கடுவன், 10 மாதம். அடக்கத் தெரியும், இரவு முழுக்க வைத்திருக்கும். ஆனால் கதிரைக் காலிலும் வாசல் தூணிலும் காலைத் தூக்கி நாலு சொட்டு விடுது. இதுவும் பிசகா?

மணற்சேனை

இது குறி போடுறது, வேற சங்கதி. ஆறு ஏழு மாதத்துக்குப் பிறகு கடுவன்ல வரும். இதுக்கு நேர அட்டவணை மருந்தில்ல. கடப்பு வழியா வெளி நாய் வளவுக்குள்ள வருதா எண்டு பாருங்க. வேலியடியில அதுகள் போட்ட மணத்துக்கு உங்கட நாய் உள்ளுக்க பதில் போடுது. வேலி ஓட்டையை அடைச்சு, வெளிப்பக்கத் தூணையும் என்சைம் தண்ணியால கழுவுங்க. போடுற தூணடியில சாப்பாட்டுக் கோப்பையை வையுங்க, தின்னுற இடத்தில போட மனம் வராது. உள்ளுக்க நிக்கிற நேரம் இடுப்புக் கயிறு. விதை எடுத்தாப் பெரும்பாலும் குறையும். பழக்கம் முத்த முதல் எடுத்தா நல்லாக் குறையும், வருஷக் கணக்கில போட்டுப் பழகினது முழுக்க நிக்காது. வயித்தில துணிப் பட்டி கட்டுறது கதிரையைக் காப்பாத்தும், நாய்க்கு ஒண்டும் படிப்பிக்காது. கட்டினா நனைஞ்ச உடனே மாத்துங்க, தோல் வெந்துபோகும்.

வாவிக்கரை

பதினொரு நாள். கணக்கு எழுதி வச்சன். முதல் நாலு நாள் உள்ளுக்க ஆறு தரம், அடுத்த நாலு நாள் ரெண்டு தரம், கடைசி மூணு நாள் ஒண்டும் இல்ல. அலாரம் இப்ப 3.30. அடைப்புக்குள்ள மணல்லதான் போகுது. நேற்று மழை விட்டு வளவில தண்ணி வத்திற்று, ஆனா வளவில இறக்கினா நிண்டு பார்க்குது, பெட்டிக்குத்தான் ஓடுது. பாயை எப்ப திரும்ப விரிக்கலாம்?

நெல்வயல்

பெட்டியை இன்றைக்கே நகர்த்தத் தொடங்காதீங்க, மழை இன்னும் முடியவில்லை. தை கடைசி வரை அது விறாந்தையோரத்தில் கிடக்கட்டும். மழை விட்ட நாளில் பெட்டி மணலில் ரெண்டு சிரட்டையைப் பழைய இடத்தில் கொட்டி, விடியற்காலைச் சுற்றை மட்டும் அங்கே வையுங்க. அப்போதுதான் பை நிரம்பியிருக்கும், கூட நேரம் நிற்க வேண்டி வராது. அங்கே போனால் வழக்கமான ஒரு துண்டுக்கு மூன்று துண்டு குடுங்க.

மணற்சேனை

பாய்க்கு இன்னும் பொறுங்க அக்கா. மூணு நாள் காணாது. உள்ளுக்க ஒண்டும் இல்லாம முழுசா நாலு கிழமை போக வேணும். பழைய பாய் வேண்டாம், புதுசு வாங்கி, முதல் கிழமை நீங்க அதில இருக்கும்போது மட்டும் விரியுங்க. குட்டிக்கு அந்தப் பாயிலயே ஒரு நேரச் சாப்பாடும் வையுங்க. நீங்க எழும்பினா சுருட்டி எடுத்துருங்க. இடையில ஒருக்காப் போனாலும் பாயைத் தூக்கிட்டு, நாலு கிழமையைத் திரும்ப ஒண்டில இருந்து எண்ணுங்க. 3.30 அலாரத்தையும் இப்ப தள்ள வேண்டாம், இன்னும் மூணு நாள் அப்பிடியே வச்சுப் பிறகு 4 மணியாக்குங்க.